புச்சினியின் ஏரிக்கரை வீட்டைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

‘ஓபரா’ எனப்படும் இசை நாடகங்களுக்கு இசையமைத்த ஜாக்கமோ புச்சினியின் பெயரில் இத்தாலியில் அருங்காட்சியகமாக இருக்கும் வீடு ஒன்றே ஒன்றல்ல. கைபேசி வரைபடத்தில் வெறுமனே ‘புச்சினி மியூசியம்’ என்று தேடினால் மூன்று இடங்கள் வரும். லூக்கா நகரின் கோட்டைச் சுவருக்குள், 1858 டிசம்பர் 22 அன்று அவர் பிறந்த வீடு ஒன்று. மலைப்பக்கம் செல்லே என்ற ஊரில் இருக்கும் குடும்பத்தின் பூர்வீக வீடு இன்னொன்று. மூன்றாவது, மஸ்ஸாச்சூக்கொலி ஏரிக்கரையில் டோரே டெல் லாகோ என்ற ஊரில் அவரே கட்டிக்கொண்ட வீடு. லூக்கா வீட்டையும் ஏரிக்கரை வீட்டையும் நடத்துபவை வேறு வேறு அறக்கட்டளைகள் என்பதால் ஒன்றில் வாங்கிய டிக்கெட் மற்றதில் செல்லாது. ஒரே ஒரு வீட்டுக்குத்தான் நேரம் என்றால் ஏரிக்கரைக்கே போங்கள். 1891-ல் அந்த ஊருக்கு வந்தவர் 1921 வரை அங்கேதான் வாழ்ந்தார். அவரை அடக்கம் செய்திருப்பதும் அந்த வீட்டுக்குள்ளேதான்.

போகும் வழி எளிது, ஆனால் தவறவும் எளிது. பீசாவிலிருந்து வியரேஜ்ஜோ நோக்கிப் போகும் ரயில் பாதையில் ‘டோரே டெல் லாகோ புச்சினி’ என்றே ஒரு சிறிய நிலையம் உண்டு. 1938-ல் ஊரின் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். விரைவு ரயில்கள் இங்கே நிற்காது, ‘ரெஜியோனாலே’ எனப்படும் உள்ளூர் ரயில்தான் நிற்கும். பீசாவிலிருந்து கால் மணி நேரம் போதும். லூக்காவிலிருந்து வருபவர்கள் வியரேஜ்ஜோவில் இறங்கி, பீசா பக்கம் போகும் ரயிலுக்கு மாற வேண்டும். காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள். கைபேசி டிக்கெட் என்றால் ‘செக் இன்’ செய்ய வேண்டும். இதை மறந்தால், பணம் கொடுத்து டிக்கெட் வாங்கியிருந்தும் அபராதம் கட்ட நேரும்.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் திசையைக் கவனியுங்கள். மேற்கே போனால் கடற்கரை, கிழக்கே போனால் ஏரி. கோடையில் இறங்கும் கூட்டத்தில் பலர் நீச்சலுடையும் துண்டுமாகக் கடலுக்குப் போகிறவர்கள். அவர்கள் பின்னால் போய்விட்டுப் பிறகு திரும்பி நடப்பது பெரிய அலுப்பு. கிழக்கே ஊரைக் கடந்து புச்சினி பெயர் கொண்ட நீண்ட சாலையைப் பிடித்தால், நிதானமாக நடந்தாலும் அரை மணி நேரத்துக்குள் ஏரிக்கரைச் சதுக்கம் வந்துவிடும். தொப்பியும் மேலங்கியுமாக வெண்கலத்தில் நிற்பவர்தான் வீட்டுக்காரர். அவர் சிலைக்கு எதிரே, இரும்பு வேலிக்குள் இருப்பதுதான் வீடு.

நேரத்தைத் திட்டமிடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். பகலில் சுமார் இரண்டரை மணி நேரம் வீட்டை மூடிவிடுவார்கள். பன்னிரண்டரைக்கு மேல் போய்ச் சேர்பவர்கள் கேட்டுக்கு வெளியே காத்துக்கிடக்க வேண்டியதுதான். பருவத்துக்குப் பருவம் நேரமும் விடுமுறை நாளும் மாறும். அதனால் முந்தின நாள் அவர்களுடைய இணையதளத்தில் பார்த்துவிடுங்கள், திங்கட்கிழமை என்றால் கட்டாயம் பாருங்கள். எங்கள் பரிந்துரை: காலையில் லூக்காவில் பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டு, வியரேஜ்ஜோவில் மதியச் சாப்பாட்டை முடித்து, மாலைத் திறப்புக்கு ஏரிக்கரைக்கு வருவது. கடிதங்கள், குடும்ப ஆவணங்கள், ‘டூராண்டாட்’ ஓபராவை எழுதப் பயன்படுத்திய ஸ்டைன்வே பியானோ எல்லாம் லூக்காவில்தான் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு வந்தால் இந்த வீட்டில் புரிவது அதிகம்.

உள்ளே தனியாகச் சுற்ற விடமாட்டார்கள். குறித்த நேரத்துக்குச் சிறு குழுவாக அழைத்துப் போவார்கள், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். சுவரில் விளக்கப் பலகைகளை எதிர்பார்க்காதீர்கள். புகைப்படம் எடுக்கத் தடை என்பதால், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பும் உதவாது. இதெல்லாம் தெரியாமல் போகிறவர்கள்தான் ‘நாலு பழைய அறைகளுக்கு இவ்வளவு தூரமா’ என்று அலுத்துக்கொள்கிறார்கள். முன்கூட்டியே கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் அதே நாலு அறைகள் வேறு மாதிரி இருக்கும்.

முதலில் வேலை அறை. சுவரோரம் ஃபோர்ஸ்டர் நிறுவனத்தின் நிமிர்ந்த பியானோ, அதை ஒட்டியே எழுதும் மேசை. கட்டையை அழுத்திய கை அப்படியே தாளுக்குப் போகும் தூரம்தான். மற்ற பொருள்களுக்குப் போகுமுன் இந்த இடைவெளியை நின்று பாருங்கள். புச்சினி பெரும்பாலும் இரவில் எழுதினார், அதுவும் நண்பர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருக்க.

‘லா போயெம்’ ஓபரா இந்த அறையில்தான் பிறந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது 1896 பிப்ரவரி 1 அன்றே டூரினில் அரங்கேறிவிட்டது, ‘டோஸ்கா’வும் 1900 ஜனவரியில் ரோமில் மேடை ஏறியது. இந்த வீடு தயாரானது 1900 வாக்கில். ஆக, இந்த அறையோடு சேர்த்து நினைக்க வேண்டியது ‘மதாமா பட்டர்ஃபிளை’யையும் அதற்குப் பின் வந்தவற்றையும். 1903 பிப்ரவரியில் லூக்காவிலிருந்து இரவில் திரும்பும்போது கார் கவிழ்ந்து கால் முறிந்தது. அந்தக் காலோடு மாதக்கணக்கில் இந்த வீட்டில் முடங்கிக் கிடந்துதான் அவர் ‘பட்டர்ஃபிளை’யை எழுதி முடித்தார். 1904 பிப்ரவரி 17 அன்று மிலானில் அது படுதோல்வி கண்டது. திருத்திக் கொடுத்தபின் மே மாதம் பிரெஷாவில் வெற்றி பெற்றது.

அடுத்தது துப்பாக்கி அறை. இசை ரசிகர்கள் இங்கே பொறுமை இழப்பதுண்டு, ஆனால் இதைத் தவிர்த்துவிட்டு இந்த மனிதரைப் புரிந்துகொள்ள முடியாது. அவர் ஏரிக்கரையைத் தேர்ந்ததற்கு நாமக்கோழி வேட்டை ஒரு முக்கியக் காரணம். ஏரிக்கு உரிமையாளரான ஜினோரி பிரபு வேட்டைக்கு அனுமதி கொடுத்தார், ‘லா போயெம்’ காணிக்கையாக்கப்பட்டிருப்பது அவருக்கே.

வேலை அறைக்குப் பின்னால் சிறிய வழிபாட்டு அறை. புச்சினி 1924 நவம்பர் 29 அன்று பிரஸ்ஸல்ஸில் தொண்டைப் புற்றுநோய்ச் சிகிச்சையின்போது இறந்தார். உடலை முதலில் மிலானில், இசைக்குழு நடத்துநர் டோஸ்கானினியின் குடும்பக் கல்லறையில் வைத்தார்கள். 1926-ல் மகன் அந்தோனியோ இங்கே கொண்டுவந்தார். மனைவி எல்விராவும் அந்தோனியோவும் இதே அறையில்தான் இருக்கிறார்கள். எல்விராவின் பெயரைப் பார்க்கும்போது இன்னொரு பெயரும் நினைவுக்கு வர வேண்டும்: டோரியா மன்ஃப்ரெடி. வீட்டு வேலை செய்த இளம்பெண். கணவரோடு இணைத்து எல்விரா அவதூறு பேச, 1909 ஜனவரியில் அவள் விஷம் குடித்து இறந்தாள். பிரேதப் பரிசோதனையில் குற்றச்சாட்டு பொய் என்று தெரிந்தது. வழக்கில் எல்விராவுக்குத் தண்டனை விதிக்கப்பட்டது, புச்சினி அந்தக் குடும்பத்துக்குப் பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார். சுற்றிக் காட்டுபவர் இதைத் தொடாமலே போகலாம், அதனால் தெரிந்துகொண்டே உள்ளே போங்கள்.

வெளியே வந்ததும் ரயிலுக்கு ஓடாதீர்கள். அவர் காலத்தில் தண்ணீர் வீட்டுக்கு இன்னும் நெருக்கமாக இருந்தது, இப்போது நீங்கள் நிற்கும் சதுக்கம் மண் கொட்டி மேடாக்கிய இடம். படகுத்துறை வரை நடந்து, அங்கிருந்து திரும்பி வீட்டைப் பார்த்தால்தான் அந்த அமைப்பு விளங்கும். நல்ல பருவத்தில் ஏரியைச் சுற்றிக் காட்டும் படகும் ஓடும்.

ஜூலை, ஆகஸ்டில் போனால் ஏரிக்கரையிலேயே இருக்கும் திறந்தவெளி அரங்கில் அவருடைய ஓபராக்கள் மேடையேறும் புச்சினி விழாவையும் சேர்த்துப் பார்க்கலாம். 1930-ல் தொடங்கிய விழா இது, இப்போதைய அரங்கு 2008-ல் திறக்கப்பட்டது. சூரியன் மறைந்தபின்தான் ஆரம்பிப்பார்கள், முடிய நள்ளிரவு தாண்டும். நாணல் சூழ்ந்த ஏரி என்பதால் கொசு அதிகம், முழுக்கைச் சட்டையும் கொசு மருந்தும் இல்லாமல் உட்கார முடியாது. பகல் எவ்வளவு சுட்டாலும் இரவில் ஏரிக்காற்று குளிரும், ஒரு சால்வை வையுங்கள். மழை பெய்தால் நிகழ்ச்சி தள்ளிப்போகும் அல்லது ரத்தாகும். டிக்கெட் வாங்கும்போதே பணம் திரும்பக் கிடைக்கும் விதிகளைப் படித்துவிடுங்கள், எத்தனையாவது காட்சிக்குப்பின் நின்றால் திரும்பத் தருவார்கள் என்பதுவரை. முடிந்து வரும்போது ரயிலை நம்ப முடியாது. வியரேஜ்ஜோவில் அறை எடுத்து, திரும்பும் டாக்ஸியை மாலையிலேயே பேசி வைப்பது நல்லது. அரங்கை விட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே வரும்போது அங்கே ஒன்றும் கிடைக்காது.