சாப்பிட்டபின் முகம் துடைத்தும் வாடை போகவில்லையா? நீள்முடி நாய் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வீடுகளில் இப்போது ஷிட்சுவும் லாசா ஆப்சோவும் சாதாரணமாகக் காணக் கிடைக்கின்றன. முடி திருத்துவதற்காக என்னிடம் வரும் இந்த நாய்களில் பலவற்றுக்கு உடம்பெல்லாம் பளபளவென்றிருக்கும். வாயருகே மட்டும் புளித்த வாடை அடிக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் பழைய பிழைகளையே திரும்பத் திரும்பச் செய்வதைப் பார்த்துச் சலித்துத்தான் இதை எழுதுகிறேன். முகத்தைத் துடைக்கவே துடைக்காதவர்களுக்கு இங்கே சொல்ல எதுவும் இல்லை.

ஈரத்தோடு விடுவது

இதைச் செய்பவர்கள் சோம்பேறிகள் அல்லர், நாயின்மேல் உண்மையான அக்கறை உள்ளவர்கள் என்பதால்தான் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. நாய் சாப்பிட்டு முடித்த கையோடு துணியை நனைத்து, முகத்தை அழுந்தத் துடைத்துவிட்டு, வேலை முடிந்ததென்று எழுந்துவிடுகிறார்கள். மேல்முடி விரைவில் காய்ந்துவிடும். ஆனால் தாடையின் அடியிலும், கீழுதட்டில் கோரைப்பல்லுக்கு அருகே இருக்கும் மடிப்பிலும், நீரும் எச்சிலும் உணவுத் துணுக்கும் சேர்ந்து தங்கிவிடும். நாயின் தோலில் இயல்பாகவே வாழும் மலசீசியா என்ற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அங்கே பெருகுகின்றன. நாம் முகர்வது பெரும்பாலும் அந்தப் பெருக்கத்தின் வாடையைத்தான். வெள்ளைத் தாடி செம்பழுப்பாவதற்கு எச்சிலிலும் கண்ணீரிலும் உள்ள போர்ஃபிரின் என்ற நிறமி முக்கியக் காரணம் என்பதால், எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் ஏற்கெனவே ஏறிய கறை போகாது, தோல்தான் புண்ணாகும்.

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி தம் லாசா ஆப்சோவைக் கொண்டுவந்திருந்தார். "வேளாவேளைக்குத் தொடச்சுத்தான் விடுறேன் தம்பி, வாடை போகமாட்டேங்குது" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. தாடியை விரலால் விலக்கிப் பார்த்தபோது, மேலே சீவிவிட்ட முடிக்கு அடியில் கம்பளித் துண்டுபோல ஒரே சடையாகச் சிக்கு இறுகியிருந்தது. உதட்டு மடிப்பில் தோல் சிவந்து கசிந்துகொண்டிருந்தது. விரல் பட்டதும் நாய் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. தாடியை ஒட்ட மழித்துக் கால்நடை மருத்துவரிடம் அனுப்ப வேண்டியதாயிற்று. மருந்து, மறுபடி மறுபடி பரிசோதனை, கழுத்துக்குக் கூம்புப் பட்டை என்று செலவு நீண்டது. தாடி பழையபடி வளர மாதக்கணக்காயிற்று. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இத்தகைய நாய்கள் என்னிடம் இன்னும் அதிகமாக வருகின்றன.

வெதுவெதுப்பான நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால், முடி வளரும் போக்கிலேயே துடையுங்கள். உதட்டு மடிப்பை மெல்ல விரித்து உள்ளேயும் ஒற்றுங்கள். அதன்பின் உலர்ந்த ஈரிழைத் துண்டால் தாடியைக் கொத்தாகப் பிடித்துப் பிடித்து ஈரத்தை எடுங்கள். தேய்த்தால் சிக்கு விழும். எஃகுச் சீப்பால் முதலில் நுனியை வாரி, சிறிது சிறிதாக வேர்வரை செல்லுங்கள். கடைசியாக முடியின் வேரில் விரலை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் ஈரம் இன்னும் போகவில்லை என்று பொருள். ஹேர் டிரையரைச் சூடில்லாத காற்றில் வைத்து, கண்ணில் படாமல் பக்கவாட்டில் காட்டுங்கள்.

வாசனைப் பவுடர்

நாய் அதை நக்கி விழுங்கும். வேண்டாம்.

நம்முடைய சோப்பு

மனிதத் தோல் அமிலத்தன்மை கொண்டது. நாயின் தோல் நடுநிலையை ஒட்டியது. நமக்கென்று செய்த சோப்பை நாள்தோறும் போட்டால் அதன் தோல் வறண்டு அரிக்கும், நாய் முகத்தைத் தரையில் தேய்க்கத் தொடங்கும்.

குழம்புச் சோறு

மஞ்சளும் எண்ணெயும் கலந்த குழம்பு வெள்ளைத் தாடியில் ஒட்டினால் எளிதில் போகாது என்பது சிறிய தொல்லை. சின்ன வெங்காயமும் பூண்டும் விழாத குழம்பு செட்டிநாட்டில் ஏது? பச்சையாக இருந்தாலும், வெந்தாலும், பொடியாக இருந்தாலும் இவை நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்கும். "வெங்காயத்தைப் பொறுக்கிப் போட்டுவிட்டுத்தான் கொடுத்தேன்" என்பவர்கள், அதன் சாறு முழுவதும் குழம்பில் இறங்கியிருப்பதை மறந்துவிடுகிறார்கள். மசாலா சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறியும் சோறும், தண்ணீர் வடித்துக் கொடுத்தால், தாடியிலும் குறைவாகவே ஒட்டும்.

பிளாஸ்டிக் கிண்ணம்

கீறலில் அழுக்கும் கிருமியும் தங்கும். எவர்சில்வர் வாங்குங்கள்.

கண்ணோரத்தில் கத்தரிக்கோல்

ஷிட்சுவின் கண்கள் முன்தள்ளியவை. நாய் ஒரு தும்மல் போட்டால் கத்தரி முனை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. கண்ணில் விழும் முடியை மேலே தூக்கிக் கட்டிவிட்டு, வெட்டுவதைப் பழகியவரிடம் விடுங்கள்.

பல்லை மறப்பது

தாடி வேர்வரை காய்ந்திருந்தும் வாடை அடித்தால், வாயைத் திறந்து பின்பற்களைப் பாருங்கள். ஈறு சிவந்தோ, பல்லடியில் பழுப்புக் காரை படிந்தோ இருந்தால் முகத்தைக் கழுவிப் பயனில்லை. நாய்களுக்கான பற்பசையால் தினமும் துலக்குவது காரை படிவதைக் குறைக்கும். நம்முடைய பற்பசையை நாய் துப்பாமல் விழுங்கிவிடும். அதிலுள்ள ஃபுளோரைடு அதற்கு ஆகாது, சிலவற்றில் சேர்க்கப்படும் சைலிட்டால் உயிருக்கே ஆபத்து. இறுகிவிட்ட காரையைத் துலக்கி எடுக்க முடியாது. கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்துத்தான் சுரண்டி எடுக்க வேண்டும்.