பழைய வயரிங் கம்பியும் வார இதழ் தாளும்: ஒரு ஜோடி தொங்கட்டான்

கம்பி நகையில் முதல் முயற்சி கோணலாக வந்தால் பலரும் தங்கள் கையைத்தான் நொந்துகொள்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு கம்பியில்தான் இருக்கும். ஒன்று, தடிமன் ஒத்துவராது. இல்லையென்றால் கம்பி இறுகிப்போயிருக்கும். நாம் செய்யப்போவது கீழே கம்பிச் சுருள், அதற்கு மேல் தாளில் உருட்டிய மணி, உச்சியில் கொக்கி மாட்ட ஒரு வளையம். அதனால் குறட்டை எடுப்பதற்கு முன்னால் கம்பியைப் பார்ப்போம்.

கம்பி

பழைய வீட்டில் வயரிங் மாற்றும்போது கழித்துப் போடும் 3/20 வயர் கிடைத்தால் விடாதீர்கள். உள்ளே மூன்று செம்புக் கம்பிகள் முறுக்கியிருக்கும். ஒவ்வொன்றும் சுமார் 0.9 மி.மீ. தொங்கட்டானுக்கு இதுதான் சரியான கனம். இப்போது வரும் 1.5 சதுர மி.மீ. வயருக்குள் இருப்பவை 0.3 மி.மீ. இழைகள். அவை சுற்றிக் கட்ட உதவும், வடிவத்தைத் தாங்காது. எந்தக் கம்பியானாலும் முனையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். சில முறை மடக்கினாலே ஒடிந்துவிடும்.

மேலே உள்ள பிளாஸ்டிக்கை பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள். நெருப்பில் காட்டி எரிக்கவே கூடாது. அந்தப் புகை நஞ்சு, நுரையீரலைப் பதம்பார்க்கும்.

முறுக்கைப் பிரித்து, 12 செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். சுருளுக்கு 4.5 செ.மீ., மணிக்கு 2, மேல் வளையத்துக்கும் சுற்றுக்கும் சுமார் 3, மீதி பிடிமானத்துக்கு.

பதப்படுத்துவது

செம்பை வளைக்க வளைக்க அது இறுகிக்கொண்டே போகும். பழைய வயரிங் கம்பி ஏற்கெனவே பல வளைவு கண்டது. அதை இளக்காமல் சுருள் போட்டால் வட்டம் வராது, பலகோணம்தான் வரும்.

பிளாஸ்டிக் துணுக்கு ஒன்றுகூட ஒட்டியிருக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, கம்பியைக் குறட்டில் பிடித்து காஸ் அடுப்பின் நீலச் சுடரில் காட்டுங்கள். விளக்கை அணைத்துவிட்டுச் செய்தால் நிறம் தெரியும். மங்கலான சிவப்பு ஏறியதும் நகர்த்தி நகர்த்தி முழு நீளத்துக்கும் காட்டி, தண்ணீரில் போடுங்கள். எஃகைப் போல செம்பு இதில் கடினமாகாது, தைரியமாகப் போடலாம். இப்போது கம்பி விரலாலேயே வளையும். மேலே படிந்த கறுப்பு போக, செம்புக் குடம் துலக்குவது போலப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, நன்றாகக் கழுவி, ஈரமில்லாமல் துடையுங்கள். புளித்தண்ணீர் மிச்சமிருந்தால் ஒரே வாரத்தில் பச்சை பூக்கும்.

தாள் மணி

வழவழப்பான வார இதழ் தாள் நல்லது. செய்தித்தாளில் மை கையில் ஒட்டும். அடி 2 செ.மீ., உயரம் சுமார் 27 செ.மீ. அளவில் நீண்ட முக்கோணமாக இரண்டு வெட்டுங்கள். ஈர்க்குச்சியின் மெல்லிய பாகத்தில், அகன்ற முனையிலிருந்து உருட்டத் தொடங்குங்கள். முதல் சுற்றுக்குப் பசை வேண்டாம். தடவினால் மணி குச்சியோடு ஒட்டிக்கொள்ளும். அதன்பின் ஃபெவிகால் மெல்லிசாகத் தடவி, கூர்முனை நட்டநடுவில் வந்து முடியும்படி இறுக்கி உருட்டுங்கள். ஒரு பக்கம் சரிவது தெரிந்தால் பசை ஈரமாக இருக்கும்போதே பிரித்து மறுபடி உருட்டிவிடுங்கள். மணி 5, 6 மி.மீ. பருமனில் வரும். குச்சியின் நுனிப் பக்கமாக உருவி, ஒரு இரவு காயவிட்டு, நிறமற்ற வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுங்கள். துளை ஓரங்களுக்கும் பூச வேண்டும். சாதாரண ஃபெவிகால் தண்ணீர் தாங்காது. பூச்சு விட்டுப்போன இடத்தில் வியர்வை ஏறி மணி ஊதிவிடும்.

சுருளும் வளையமும்

ரவுண்டு நோஸ் பிளையரின் நுனியில் கம்பி முனையைப் பிடித்து ஒரு சின்னக் கண் போடுங்கள். பிறகு அந்தக் கண்ணைத் தட்டையான நோஸ் பிளையரில் படுக்கவைத்துப் பிடித்து, கம்பியைக் கட்டைவிரலால் ஒட்டித் தள்ளித் தள்ளி மூன்று சுற்று. ஒவ்வொரு தள்ளலும் சிறியதாக இருக்கட்டும். பிளையரின் பற்கள் செம்பில் தழும்பு போடும். வாயில் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். ஒரு காதுக்கு வலப்பக்கச் சுருள் என்றால் மறுகாதுக்கு இடப்பக்கச் சுருள்.

சுருள் முடிந்த இடத்தில் கம்பியை வெளிப்பக்கமாக 90 பாகை மடக்குங்கள். கம்பியின் நேர்கோடு சுருளின் மையம் வழியாகப் போக வேண்டும். இல்லாவிட்டால் தொங்கட்டான் சாய்ந்தே தொங்கும். இரும்புப் படிக்கல் மேல் சுருளை வைத்து, சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் சமமாகி, மறுபடி விறைப்பும் ஏறும்.

மணியைக் கோத்து, அதன் தலைக்கு மேல் 3 மி.மீ. கழுத்து விட்டு மடக்குங்கள். 0.9 மி.மீ. கம்பி மூன்று சுற்று உட்கார அந்த இடம் சரியாக இருக்கும். ரவுண்டு நோஸில் வளையம் போட்டு, வளையத்தைப் பிடித்துக்கொண்டு மீதிக் கம்பியைக் கழுத்தில் கீழ்நோக்கிச் சுற்றுங்கள். பிளையரில் வளையம் போட்ட இடத்தை மார்க்கரால் குறித்து வைத்தால் இரண்டாவதும் அதே அளவில் வரும். கடைசிச் சுற்று மணியை நெருக்கக் கூடாது, தாள் ஓரம் நசுங்கும். மிச்சத்தை வெட்டி, முனையை அழுத்தி, 400 நம்பர் உப்புத்தாளால் கூர் போகத் தேயுங்கள்.

காதில் மாட்டும் கொக்கியை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளியோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ. வெறும் செம்பு காதுத் துளையில் பச்சை விடும், மலிவான கொக்கிகளில் இருக்கும் நிக்கல் சிலருக்கு அரிக்கும். கொக்கியின் அடி வளையத்தைத் திறக்கும்போது பக்கவாட்டில் திருகித் திறந்து, தொங்கட்டானின் மேல் வளையத்தை மாட்டி, அப்படியே திருகி மூடுங்கள். வெளியே இழுத்து அகட்டினால் பழைய வட்டம் திரும்பாது, இடுக்கு விழுந்து தொங்கட்டான் கழன்றுவிடும்.

பிறகு செம்பு மங்கினால் முழுத் தொங்கட்டானையும் புளியில் ஊறப்போடாதீர்கள். ஈரத்துணியில் துளி புளி தொட்டுச் சுருளை மட்டும் துடைத்து, உடனே இன்னொரு ஈரத்துணியால் துடைத்துக் காயவையுங்கள்.