மாற்றுத்திறனாளிக்குத் துணையாக ஓட்டுச்சாவடிக்குப் போவது எப்படி?

எதிர்வீட்டு அத்தைக்குப் பார்வை கிடையாது. ஒரு தேர்தலில் அவருக்குத் துணையாகக் கிளம்பியபோது எனக்கு விதிமுறை எதுவும் தெரியாது. "ஓட்டை நான் போட்டுக்கறேன், நீ கூட வந்தா போதும்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். துணை போகிற எல்லோரும் முதலில் மனதில் வாங்க வேண்டியது அதுதான். முதல் முறை போகிறவர்கள் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. பட்டியலைப் பாருங்கள்

வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் இருந்தால் ஓட்டுப் போடலாம். ஆனால் அதற்கான வசதிகளைப் பெற, மாற்றுத்திறனாளி என்ற குறிப்பும் சேர்ந்திருப்பது நல்லது. இல்லையென்றால் படிவம் 8 கொடுத்துச் சேர்க்கலாம். தேர்தல் ஆணையத்தின் 'சக்ஷம்' செயலியில் இதையும் செய்யலாம், வாக்குப்பதிவு நாளுக்குச் சக்கர நாற்காலியும் கேட்கலாம். செயலி வராதவர்கள் 1950 எண்ணுக்குப் போன் செய்யுங்கள், அல்லது உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரைப் பாருங்கள்.

2. வீட்டிலா, சாவடியிலா?

ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் வீட்டிலிருந்தே தபால் வாக்கு போடலாம். அதற்குப் படிவம் 12டி. தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். அலுவலர்கள் வீடு தேடி வருவார்கள். ஆனால் இதைத் தேர்ந்தெடுத்தபின் சாவடிக்குப் போய் ஓட்டுப் போட முடியாது.

அதனால் முடிவை அவரிடமே கேளுங்கள். "எதுக்கு அலையணும்" என்று வீட்டில் உள்ளவர்கள் தீர்மானித்துவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஊரோடு சேர்ந்து போய் ஓட்டுப் போட அவருக்கு ஆசை இருக்கலாம் இல்லையா?

3. முந்தின நாளே ஒரு நடை

சாவடி பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூடமாக இருக்கும். ஆட்டோ எதுவரை போகும், சாய்தளம் எவ்வளவு செங்குத்து, பிடிக்கக் கைப்பிடி உண்டா என்று பார்த்துவிட்டு வாருங்கள். வாக்காளர் அட்டை கைவசம் இல்லாவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அட்டையும் செல்லும்.

4. வாசலிலிருந்து உள்ளே

வரிசையில் காக்க வேண்டியதில்லை, முன்னுரிமை உண்டு. தயங்காமல் கேளுங்கள். பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் அரை அடி முன்னால் நடங்கள். சக்கர நாற்காலியைத் தொடும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சாய்தளத்தில் இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, பின்பக்கமாக மெல்ல இறக்குங்கள்.

காது கேளாதவருக்கு ஒரு சின்ன நோட்டும் பேனாவும் போதும். செல்போனை நம்பிப் போகாதீர்கள், உள்ளே விடமாட்டார்கள்.

5. ஓட்டுப் போடும் மறைப்புக்குப் பக்கத்தில்

தேர்தல் நடத்தை விதிகள் 1961-இல் 49என் என்று ஒரு விதி. பார்வைக் குறைவாலோ உடல் இயலாமையாலோ தானாக வாக்களிக்க முடியாதவர் ஒரு துணையை அழைத்துப் போகலாம் என்கிறது. துணைக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒரே நாளில் ஒருவருக்கு மட்டுமே துணையாக இருக்கலாம். வாக்கை ரகசியமாக வைத்திருப்பேன் என்று உறுதிமொழியும் தர வேண்டும். சாவடி அலுவலர்கள் துணையாக வர முடியாது.

அத்தைக்கு பிரெய்லி தெரியும். வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் பிரெய்லியில் ஒரு மாதிரி வாக்குச்சீட்டு இருக்கும், கேட்டால் தருவார். அத்தை அதை மேசையில் வைத்து, விரலை வரிவரியாக ஓட்டி, வேட்பாளரின் வரிசை எண்ணை மனதில் வாங்கிக்கொண்டார். இயந்திரத்திலும் நீலப் பொத்தான்களுக்குப் பக்கத்தில் பிரெய்லி எண்கள் இருக்கின்றன. ஒரு இயந்திரத்தில் நோட்டாவையும் சேர்த்து 16 பெயர்கள்தான் அடங்கும். வேட்பாளர்கள் அதிகமென்றால் இயந்திரம் எத்தனை, எந்த வரிசையில் வைத்திருக்கிறார்கள் என்பதை முன்பே கேட்டுச் சொல்லிவிடுங்கள்.

மறைப்பு வரை கொண்டுபோய் விட்டுவிட்டு நான் வெளியே நின்றுகொண்டேன். தானே பொத்தானை அழுத்த முடிகிறவருக்கு அவ்வளவுதான் துணை. முடியாதவரோடு மட்டுமே உள்ளே போகலாம். அப்போதும் அவர் சொன்ன பொத்தானைத்தான் அழுத்த வேண்டும். 'அவருக்கென்ன தெரியும்' என்று நம் விருப்பத்துக்கு அழுத்தினால் அது திருட்டு.

உள்ளே கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் 'பீப்' என்று நீளமாக ஒலித்தது. அத்தை வெளியே வந்து, கையை நீட்டி என் முழங்கையைத் தேடினார். யாருக்குப் போட்டார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.