பூமியின் வெப்பநிலையை கால்குலேட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பசுமை இல்ல வாயுக்கள் பூமியைப் போர்வை போல மூடியிருக்கின்றன என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். படித்ததும் புரிந்த மாதிரிதான் இருக்கும். "எப்படி?" என்று யாராவது திருப்பிக் கேட்டால் பதில் வராது. எண்களைப் போட்டுப் பார்த்தால் விஷயம் பிடிபட்டுவிடும். வர்க்கமூலப் பொத்தான் (√) உள்ள கால்குலேட்டர் ஒன்று போதும்.

படி 1: எவ்வளவு வெயில் வருகிறது?

வளிமண்டலத்துக்கு வெளியே, சூரியனை நேராகப் பார்க்கும் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1361 வாட் விழுகிறது. ஆனால் பூமி உருண்டை, அதிலும் பாதி எப்போதும் இருட்டு. மொத்தப் பரப்புக்கும் பங்கிட்டால் நாலில் ஒரு பங்குதான் தேறும். 4-ஆல் வகுத்தால் 340. அதில் ஏறக்குறைய 30 சதவீதத்தை மேகங்களும் பனியும் மணலும் விண்வெளிக்கே திருப்பிவிடுகின்றன. எனவே 0.7-ஆல் பெருக்குங்கள்: 238. கடைசி வரை இந்த எண் தேவைப்படும்.

படி 2: வாயுக்கள் இல்லாவிட்டால்?

வாங்கும் ஆற்றலும் வெளியே விடும் ஆற்றலும் சமமாகும் வரை பூமியின் வெப்பநிலை மாறிக்கொண்டே இருக்கும். 238 வாங்கினால் 238 விட்டாக வேண்டும். அதற்கு எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்பதை ஸ்டெபான்-போல்ட்ஸ்மன் விதி சொல்கிறது. 238-ஐ 5.67-ஆல் (அந்த விதியில் வரும் மாறாத எண்) வகுத்து, 10 கோடியால் பெருக்கி, √ பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள். 254.5 கெல்வின் வரும். 273.15-ஐக் கழித்தால் மைனஸ் 18.6 டிகிரி செல்சியஸ்.

உண்மையில் தரைமட்டத்தின் சராசரி வெப்பநிலை சுமார் 15 டிகிரி. முப்பத்து மூன்று டிகிரிக்கு மேல் இடிக்கிறது!

படி 3: இடைவெளியை நிரப்புவது யார்?

காற்றில் 99 சதவீதம் நைட்ரஜனும் ஆக்சிஜனும்தான். ஆனால் இந்த வேலையில் அவற்றுக்குப் பங்கில்லை என்றே சொல்லலாம். ஒரே மாதிரியான இரண்டு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு எப்படி அதிர்ந்தாலும் மின்னூட்டம் ஒரு பக்கம் சாயாது. அதனால் தரையிலிருந்து கிளம்பும் அகச்சிவப்புக் கதிர் அதைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். கார்பன் டை ஆக்சைடு அப்படியில்லை. நடுவில் கார்பன், இரு பக்கமும் ஆக்சிஜன். அது வளைந்து நெளியும்போது மின்னூட்டச் சமநிலை குலைகிறது. 15 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய கதிர்களை அது பிடித்துக்கொள்கிறது. பூமி வெளியிடும் கதிர்வீச்சு வலுவாக இருப்பதும் அந்த வட்டாரத்தில்தான். நீராவி, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு, ஓசோன் ஆகியவையும் தத்தமக்குரிய அலைநீளங்களைப் பிடிக்கின்றன. வாயுக்கள் இப்படி வெப்பக் கதிரை உறிஞ்சுவதை இயற்பியலாளர் ஜான் டின்டால் 1859-லேயே ஆய்வகத்தில் அளந்துவிட்டார்.

பிடித்த பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பல படங்கள் தவறாகக் காட்டுகின்றன. வாயு ஒன்றும் கண்ணாடி மாதிரி கதிரைத் தரைக்குத் திருப்பி அடிப்பதில்லை. பெரும்பாலும் அந்த மூலக்கூறு பக்கத்திலுள்ள நைட்ரஜன், ஆக்சிஜன் மீது மோதி ஆற்றலைக் கொடுத்துவிடுகிறது. அப்படித்தான் சுற்றியுள்ள காற்று முழுவதும் சூடாகிறது. அப்புறம் அந்தக் காற்றிலுள்ள பசுமை இல்ல வாயுக்களே எல்லாத் திசைகளிலும் அகச்சிவப்பை வெளியிடுகின்றன. அதில் கீழே வரும் பங்கு தரையை மேலும் சூடாக்குகிறது.

படி 4: வாயுக்களைக் கணக்கில் சேர்ப்போம்

வளிமண்டலத்தை ஒரே அடுக்காக நினைத்துக்கொள்ளுங்கள். தரை 100 பங்கு அனுப்பினால் 78 பங்கை அடுக்கு பிடிக்கிறது, 22 நேராகத் தப்பிவிடுகிறது. பிடித்த 78-இல் பாதி மேலே, பாதி கீழே. ஆக, விண்வெளிக்குப் போவது 22 + 39 = 61.

அந்த 61 சதவீதம்தான் 238-க்குச் சமமாக வேண்டும். எனவே தரை வெளியிட வேண்டியது 238 ÷ 0.61, அதாவது 390. இதைப் படி 2-இல் செய்தது போலவே 5.67-ஆல் வகுத்து, 10 கோடியால் பெருக்கி, √ இரண்டு முறை. 288 கெல்வின், கிட்டத்தட்ட 15 டிகிரி!

சரி, 78 எங்கிருந்து வந்தது? விடை பொருந்த வேண்டும் என்று நான் தேர்ந்தெடுத்ததுதான். நிஜ வளிமண்டலத்தில் அடுக்குகள் ஏராளம், காற்றோட்டமும் ஆவியாதலும் வேறு வெப்பத்தை மேலே தூக்கிச் செல்கின்றன. இது பொம்மைக் கணக்கு. ஆனாலும் போக்கைச் சரியாகவே காட்டும்.

படி 5: வாயுவைக் கூட்டிப் பாருங்கள்

78-ஐ 80 ஆக்குங்கள். தப்புவது 20 + 40 = 60. இப்போது 238 ÷ 0.60. விடை 16 டிகிரி. இரண்டு பங்கு கூடியதற்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏறிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 280 பங்கு இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.

"நீராவிதானே காற்றில் அதிகம், கார்பனை ஏன் திட்ட வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் நீராவியின் அளவை வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது. கூடுதலாகச் சேர்ந்தது சில நாட்களில் மழையாகிவிடும். கார்பன் டை ஆக்சைடின் ஒரு பகுதி நூற்றாண்டுக் கணக்கில் தங்கிவிடும். அது ஒரு டிகிரி சூடாக்கினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும், அந்த நீராவி மேலும் சூடாக்கும்.

பனி உருகினால் என்ன ஆகும் என்பதையும் இதே கணக்கில் பார்க்கலாம். திருப்பி அனுப்பும் பங்கு 30-இலிருந்து 29 சதவீதமாகக் குறைந்தால் படி 1-இல் 0.7-க்குப் பதில் 0.71. மற்றதெல்லாம் படி 4 போலவே. 15.9 டிகிரி வந்தால் நீங்கள் போட்ட கணக்கு சரி.