சாக்சனியில் கிறிஸ்துமஸ் காலம்: ஊழியத்துக்கு வரும் மூத்த தம்பதிகளுக்கு

ஓய்வு பெற்ற பிறகு சபை ஊழியத்துக்காக ஜெர்மனிக்கு, அதிலும் லைப்சிக், ஹாலே, டிரெஸ்டன் பக்கம் வருகிற ஐயர்மாருக்கும் (போதகர்களுக்கும்) அவர்கள் மனைவியரான ஐயரம்மாமாருக்கும் இதை எழுதுகிறேன். நானும் ஓர் ஐயரம்மாதான். இலையுதிர் காலத்தில் வந்து இறங்கினால், வீட்டுச் சாவி எந்தப் பக்கம் திரும்பும் என்று பழகுவதற்குள் கிறிஸ்துமஸ் வந்துவிடும். ஊரில் டிசம்பர் முழுக்க ஓட்டமாக ஓடிய நமக்கு இங்குள்ள அமைதி முதலில் பயத்தைத் தரும். பயப்படாதீர்கள். இந்த மாதத்தில் இங்குள்ளவர்களுக்கு அதிகம் தேவைப்படுவது பிரசங்கம் அல்ல. பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்கிற ஆள். அதற்கு நம் வயதுதான் சரியான வயது.

இந்த ஊருக்கு நாம் அந்நியர்களும் அல்ல. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்கு, டிரெஸ்டனுக்கு அருகே உள்ள புல்ஸ்னிட்ஸ் ஊர்க்காரர், ஹாலேயில் படித்தவர். 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்தவர். நம் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் வேர் லைப்சிக் மிஷனில் இருக்கிறது. அப்படிப்பட்ட மண்ணில் இன்று பெரும்பாலானவர்கள் எந்தச் சபையிலும் இல்லை. கிழக்கு ஜெர்மனியின் கம்யூனிஸ்ட் ஆட்சியில் வளர்ந்த தலைமுறை இது. ஞானஸ்நானம் பெற்றால் படிப்பும் வேலையும் தடைபடலாம் என்று அஞ்சி வாழ்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆகவே ஞாயிறு ஆராதனையில் கொஞ்சம் பேரையே, அதுவும் நம் வயதுக்காரர்களையே பார்த்து, ‘விசுவாசம் செத்துப்போச்சு’ என்று ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடாதீர்கள். அந்தக் கொஞ்சம் பேர் எவ்வளவோ தாங்கிக்கொண்டு நின்றவர்கள்.

முதலில் உடம்பு. டிசம்பரில் காலை எட்டு மணிக்குத்தான் விடியும், மாலை நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வெளிச்சமில்லாமல் மனசு சோர்ந்துபோவது பலருக்கும் நடப்பதுதான். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணி நேரமாவது வெளியே நடந்துவிட்டு வாருங்கள். அம்மாமார் சேலையை விட வேண்டியதில்லை. உள்ளே கம்பளிக் கால்சட்டை, கெட்டி சாக்ஸ், ரப்பர் அடிப்பாகம் உள்ள பூட்ஸ், மேலே நீளமான கோட்டு போதும். பனி உறைந்த நடைபாதையில் பாதத்தை முழுசாகப் பதித்து, சின்னச் சின்ன அடியாக வையுங்கள். பழைய கல் ஆலயங்களில் குளிர் எலும்பில் ஏறும். பெஞ்சில் போர்வை வைத்திருந்தால் கூச்சப்படாமல் எடுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். வீட்டில் தாளித்த பிறகு ஜன்னலை ஐந்து நிமிடம் அகலத் திறந்து மூடுங்கள். நாள் முழுக்க லேசாகத் திறந்து வைத்தால் வீடு குளிர்ந்துபோகும், ஜன்னலைச் சுற்றிப் பூஞ்சையும் பிடிக்கும்.

அப்புறம், இங்கே நவம்பரிலேயே கேரல் ரவுண்ட்ஸ் தொடங்குவதில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறுகளைக் கொண்டது திருவருகைக் காலம். அதற்கும் முந்தின ஞாயிறு மரித்தோரை நினைக்கிற நாள். அந்த ஆண்டு இறந்தவர்களின் பெயர்களை ஆலயத்தில் வாசிப்பார்கள். அது முடிந்த பிறகுதான் நட்சத்திரம் ஏற்றுவார்கள், ஜன்னல்களில் வளைவு வடிவ மெழுகுவர்த்தி விளக்குகளை வைப்பார்கள். மேஜையில் நான்கு மெழுகுவர்த்திகள் கொண்ட பச்சை வளையம் இருக்கும். முதல் ஞாயிறு ஒன்று, இரண்டாம் ஞாயிறு இரண்டு என்று ஏற்ற வேண்டும். அழகாக இருக்கிறதே என்று நான்கையும் ஒரேயடியாக ஏற்றிவிடாதீர்கள். வாழ்த்தும் அப்படித்தான். கிறிஸ்துமஸ் நெருங்கும்வரை ‘நல்ல திருவருகைக் காலம்’ என்றே வாழ்த்துவார்கள்.

நம் ஊரில் வீட்டுக்கு வீடு தொங்குகிற காகித நட்சத்திரத்துக்கு இங்கே ஓர் அண்ணன் உண்டு, ஹெர்ன்ஹூட் நட்சத்திரம். மொராவிய சகோதரர் என்ற சபையாரின் பள்ளிக்கூடத்தில் பிறந்தது. 17 நாற்கோணக் கூம்பு, 8 முக்கோணக் கூம்பு, ஆக 25 முனைகள். பிரித்து அனுப்புவார்கள், நாம்தான் ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். ஒரு மாலை முழுக்க ஆகும். தனியாகக் கோக்காதீர்கள்; மாடிப்படியில் தினமும் பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரரை, ‘இது எப்படிப் பொருத்துவது, காட்டித் தருவீர்களா’ என்று கேட்டுக் கூப்பிடுங்கள். சபைக்கே வராதவர்கூட வந்து உட்கார்ந்து, தன் அம்மா வீட்டில் தொங்கிய நட்சத்திரத்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். மொழி அரைகுறையாக இருந்தாலும் கைவேலை நடக்கும்போது பேச்சு தானாக வரும். இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஊழியம் இதுதான்.

மதியத்துக்குப் பிறகு காப்பியும் கேக்குமாக முதியோர் கூடுகைகள் நடக்கும். ‘இந்தியாவைப் பற்றிப் பேசுங்கள்’ என்பார்கள். ஏழ்மைப் படங்களை மட்டும் காட்டி முடித்துவிடாதீர்கள், தயவுசெய்து. உங்கள் சபையில் அதிகாலை ஆராதனைக்கு யார் முதலில் மணி அடிப்பார், அச்சுமுறுக்கு யார் வீட்டுக்கெல்லாம் போகும் என்று சொல்லுங்கள். ஒரு டப்பா முறுக்கும் கொண்டு போங்கள். பதிலுக்குக் கொடுக்க வேண்டி வந்தால் சீகன்பால்குவின் ஊரான புல்ஸ்னிட்ஸின் மசாலா கேக் வாங்கலாம். அந்த ஊர் அதற்குப் பேர்போனது.

டிசம்பர் 24தான் இங்கே பெரிய நாள். மதியம் இரண்டு மணிக்கெல்லாம் கடைகள் மூடிவிடும். 25, 26 இரண்டு நாளும் விடுமுறை. 27 ஞாயிறாக இருந்தால் அன்றும் திறக்காது. பால், அரிசி, முக்கியமாக இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை 22ஆம் தேதிக்குள் வாங்கி வையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 112. அவ்வளவு இல்லை, ஆனால் டாக்டர் திறக்கும்வரை பொறுக்க முடியாது என்றால் 116117. இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள்.

24 அன்று பிற்பகலில் ஆலயம் நிரம்பி வழியும். ஆண்டு முழுக்க எட்டிப் பார்க்காதவர்கள் பேரக்குழந்தையோடு வருவார்கள். உங்கள் வழக்கமான இடத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். அன்றைய காணிக்கை பெரும்பாலும் ‘உலகத்துக்கு அப்பம்’ என்ற உதவி அமைப்புக்குப் போகும். கடைசியில் விளக்கை அணைத்து, எல்லோரும் எழுந்து நின்று ‘ஓ டூ ஃப்ரோலிஷெ’ என்ற கிறிஸ்துமஸ் பாடலைப் பாடுவார்கள். மூன்று சரணத்தையும் முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

ஆராதனை முடிந்ததும் கூட்டம் சட்டென்று கலைந்துவிடும். யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லையே என்று வருந்தாதீர்கள். அந்த இரவு இங்கே குடும்பத்துக்கானது, உருளைக்கிழங்கு சாலடும் சாசேஜும் வைத்து எளிமையாகச் சாப்பிடுவார்கள். அழைக்காத வீட்டுக்கு நாமாகப் போவதும் கூடாது. நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை ஆகும்போது ஊரில் அதிகாலை ஐந்து மணி. சபை ஆராதனையை நேரலையில் போடுவார்கள் என்றால் விழித்திருந்து பாருங்கள், பேரப்பிள்ளைகளோடு பேசுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். ஐயரும் அம்மாவும் அந்த நேரத்தில் ஒருவருக்கொருவர் துணை.

25ஆம் தேதி உங்கள் வீட்டுக் கதவைத் திறந்து வையுங்கள். இங்கே படிக்கவும் வேலைக்கும் வந்த தமிழ்ப் பிள்ளைகள் விடுதி அறையில் தனியாக இருப்பார்கள், கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல. முந்தின வாரமே சொல்லி வையுங்கள், ‘வாப்பா, சாப்பிட்டுப் போ’ என்று. பிரியாணி முடியாவிட்டால் சாம்பாரும் அப்பளமும் போதும். துணையை இழந்து தனியாக இருக்கும் ஒரு ஜெர்மன் பாட்டியையும் அதே மேஜைக்கு அழையுங்கள். மற்ற நாள் வர யோசிப்பவர்கூட அன்று வருவார்.

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையையும் வாக்குத்தத்த வசனத்தையும் இங்கே தேடாதீர்கள். வருடக் கடைசி ஆராதனை மாலையிலேயே முடிந்துவிடும், இரவில் பட்டாசுதான். ஜனவரி 6 பக்கத்து மாநிலத்திலுள்ள ஹாலேயில் விடுமுறை, லைப்சிக்கில் இல்லை. ரயிலில் போகிறவர்கள் கவனித்துக்கொள்ளுங்கள். முதியோர் இல்லங்களுக்கு டிசம்பரில் பாடல் குழுக்கள் வரிசையாக வரும், ஜனவரியில் ஒருவரும் வருவதில்லை. உங்கள் சந்திப்புகளை ஜனவரிக்குத் தள்ளி வையுங்கள். செவிலியரிடம் போனில் நேரம் கேட்டுக்கொண்டு, மதியத் தூக்கம் முடிந்த பிறகு, மூன்று மணி வாக்கில் போவது நல்லது.