பழைய ஈயக்குட்டை பக்கம் ஃபோர் பை ஃபோர் ஓட்டுறது எப்படி: புதுசா வர்றவங்களுக்கு

நம்ம மலேசியாவுல பண்டார் சன்வே, ஸ்ரீ கெம்பாங்கான் மைன்ஸ் எல்லாமே ஒரு காலத்துல ஈயம் (டின்) தோண்டுன நிலம். 1985-ல ஈய விலை விழுந்ததும் லொம்போங் (ஈயச் சுரங்கம்) ஒவ்வொண்ணா மூடிட்டாங்க, சிலாங்கூர்லயும் பேராக் கிந்தா பக்கமும் கட்டடம் ஏறாத இடத்துல குட்டையும் மணல்மேடும் இன்னும் அப்படியே கிடக்கு.

இங்க காடி ஓட்ட முதல்ல தரையைப் படிக்கணும். அப்போ மண்ணைத் தண்ணி பீய்ச்சிக் கரைச்சு, பம்ப்ல ஏத்தி, பாலோங்ல (சரிவான நீளமான மரத் தொட்டி) ஓடவிட்டுத்தான் ஈயத்தைப் பிரிச்சாங்க. கழிவுல மணல் கனம், கிட்டயே படிஞ்சிரும், நைசான களி தூரமா ஓடி பள்ளத்துல தங்கிரும். மணல்ல ஓட்டிறலாம். களிதான் ஆபத்து, மேல காஞ்சு வெடிச்சு கெட்டியா தெரியும், உள்ள கூழு.

கிளம்புறதுக்கு முன்னாடி நிலத்துக்காரங்க கிட்ட அனுமதி வாங்குங்க, ரெண்டு காடியாவது சேர்ந்து போங்க, சாயங்கால மழைக்கு முன்னாடி வெளிய வந்துருங்க.

தார் ரோடு முடியுற இடத்துல டயர் காத்தை 20 பிஎஸ்ஐ கிட்ட இறக்குங்க, மணல்ல டயர் அகலமா பதியும். ரொம்ப இறக்கிட்டு வெடுக்குன்னு திருப்புனா டயர் ரிம்மை விட்டு கழண்டுரும். அப்படியே ஃபோர் எச் (நாலு சக்கரமும் இழுக்குற சாதாரண வேக கியர்) போட்டுருங்க.

சந்தேகமான இடம் வந்தா இறங்கி நடங்க, இதை மட்டும் தயவுசெஞ்சு விட்டுறாதீங்க. நீளமான குச்சியால குத்திப் பாருங்க, குச்சி சுலபமா இறங்குனா காடியும் இறங்கும், சுத்திப் போயிருங்க. குட்டை ஓரமா ஓட்டவே கூடாது, தண்ணி அடியில மண்ணை அரிச்சு வச்சிருக்கும், கரை சரிஞ்சா நேரா ஆழம்தான். குட்டைத் தண்ணியில இறங்குற பேச்சே வேணாம்.

மணல்ல ஒரே சீரா மிதிங்க, நடுவுல நிக்காதீங்க. செங்குத்தா இறங்கும்போது ஃபோர் எல் (நாலு சக்கரமும் மெதுவா, பலமா இழுக்குற கியர்), ஒண்ணாம் கியர், எஞ்சின் இழுவையே பிடிச்சுக்கும், பிரேக்கை அழுத்தி டயரை லாக் பண்ணிறாதீங்க.

மாட்டிக்கிட்டா? டயர் சுத்துனதும் காலை எடுத்துருங்க, சுத்தச் சுத்த குழிதான் ஆழமாகும். சவளால மண்ணை ஒதுக்கி, வந்த தடத்துலயே ரிவர்ஸ் பாருங்க. முடியலன்னா கூட வந்த காடியால இழுங்க, ஆனா டோ பால்ல (டிரெய்லர் மாட்டுற பின்பக்க உருண்டை) கயிறு மாட்டவே மாட்டாதீங்க, அது பிச்சுக்கிட்டு வந்தா உயிரே போகும். சேசிஸ்ல இழுக்குறதுக்குன்னே இருக்குற ரெக்கவரி பாயிண்ட்ல மட்டும் மாட்டுங்க, சுத்தி நிக்கிறவங்களை கயிறு நீளத்துக்கும் மேல தள்ளி நிக்கச் சொல்லுங்க.

திரும்பி தார் ரோடு ஏறுறப்ப டூ எச்சுக்கு (ரெண்டு சக்கரம் மட்டும் இழுக்குறது) மாத்தி, காத்து அடிச்சிட்டு கிளம்புங்க.