நியூபார்ன் ஷூட்: புதியவர்கள் செய்யும் தவறுகளும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவையும்

பிறந்து சில நாட்களே ஆன குழந்தையைப் படமெடுக்கும் நியூபார்ன் ஷூட்டைப் புதிதாகத் தொடங்கியிருக்கும் ஒருவருக்குத் துணையாகச் சில நாட்களுக்கு முன் போயிருந்தேன். கேமரா, லைட், குழந்தையைச் சுற்றிவைக்கும் ராப் துணிகள் எல்லாம் கச்சிதம். ஆனால் குழந்தை அழத் தொடங்கிய பத்தாவது நிமிடமே அவருக்கு வியர்த்துவிட்டது. ஓரத்தில் குழந்தையின் அம்மா தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். தொழிலுக்கு வந்த புதிதில் என் ஸ்டுடியோவில் நான் பார்த்த காட்சி அப்படியே திரும்ப நடந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பேட்டரியை சார்ஜ் போடுங்கள், கையைக் கழுவுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

என்ன நடக்கும் என்று பெற்றோரிடம் சொல்லாமல் விடுவது

அந்தக் காலத்தில் யாராவது முன்பதிவு செய்தால் தேதி, நேரம், கட்டணம் மூன்றையும் அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். ஒருமுறை பிறந்து 9 நாளான குழந்தையோடு ஒரு தம்பதி வந்தார்கள். ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுவதாக அப்பா அலுவலகத்தில் சொல்லிவிட்டு வந்திருந்தார். சட்டையைக் கழற்றியதுமே குழந்தை வீறிட்டது. சுற்றினேன், பிரித்தேன், மறுபடி சுற்றினேன். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். தையல் வலியோடு வந்திருந்த அம்மாவுக்கு நான் போட்டிருந்தது சாய்மானம் இல்லாத ஒரு ஸ்டூல். கொஞ்ச நேரம் பொறுத்து அவர் மெல்லக் கேட்டார்: "எல்லாக் குழந்தையும் உங்ககிட்ட ஒழுங்கா தூங்குமா? எங்க பாப்பா மட்டும்தான் இப்படியா?"

"எல்லாக் குழந்தையும் இப்படித்தாம்மா" என்று அந்த நொடியே சொல்லியிருக்க வேண்டும். நான் கேமரா திரையைப் பார்த்தபடி "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்றேன்.

நான்கே படங்களோடு கிளம்பிப் போனார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அது பெரிய விஷயமில்லை. பிள்ளை பெற்று 9 நாளே ஆன ஒரு பெண், தன்னிடம்தான் ஏதோ குறை என்ற நினைப்போடு என் வாசலைத் தாண்டிப் போனார். அது இன்னும் ஆறவில்லை.

இப்போது ஷூட்டுக்கு இரண்டு நாள் முன்பு அம்மா, அப்பா இருவரிடமும் போனில் பேசி இதையெல்லாம் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 3 மணி நேரம் ஆகும், 4 மணி நேரம்கூட ஆகலாம். அதில் படம் எடுப்பது கொஞ்ச நேரம்தான். மீதியெல்லாம் பால் கொடுப்பது, ஏப்பம் விடவைப்பது, தூங்கவைப்பது. தலையைத் திருப்பித் திருப்பித் தேடினாலோ கையை வாய்க்குக் கொண்டுபோனாலோ பசி என்று அர்த்தம். அழுகை பசியின் கடைசிக் கட்டம், அதுவரை காத்திருக்க வேண்டாம், எந்த போஸின் நடுவிலும் நிறுத்தச் சொல்லலாம். துணியில்லாத குழந்தைக்காக அறையை 27 முதல் 29 டிகிரி செல்சியஸ் வரை வைத்திருப்பேன், உங்களுக்குப் புழுங்கும், மெல்லிய உடை போட்டு வாருங்கள். குழந்தை என் மடியிலேயே சிறுநீர் கழிக்கும், மன்னிப்புக் கேட்க வேண்டாம். திடீரென்று இரண்டு கையையும் விரித்துத் தூக்கிப்போடும். அது எல்லாப் பச்சிளங்குழந்தைக்கும் உள்ள அனிச்சைச் செயல், ராப் சுற்றுவதே அதற்காகத்தான்.

தோல் உரிந்திருந்தால் எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம். கை, கால் நுனி லேசாக நீலம் பாய்ந்து தெரிவதும் இந்த நாட்களில் சகஜம். உதடோ நாக்கோ நீலமானால் அப்படியில்லை, ஷூட்டை விட்டுவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மஞ்சள் நிறம் முகத்தைத் தாண்டி வயிறு, கால் என்று இறங்கினாலும் முதலில் மருத்துவர்தான், போட்டோ அப்புறம்.

புதியவர்கள் அனுப்பும் முன்பதிவுச் செய்திகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. முன்பணத்தைப் பற்றி ஆறு வரி இருக்கிறது. அந்த அம்மா எங்கே உட்காருவார், எங்கே பால் கொடுப்பார் என்று ஒரு வரி இல்லை.

பெற்றோர் போனில் காட்டிய படத்தை ஒரே ஷாட்டில் எடுக்கப் பார்ப்பது

கன்னத்தைக் கைகளில் தாங்கிக்கொண்டு குழந்தை தூங்கும் அந்தத் தவளை போஸைத்தான் சொல்கிறேன். பச்சிளங்குழந்தையின் உடல் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு தலை. அந்தப் பாரத்தைத் தாங்கும் வலு கழுத்துக்கும் இல்லை, மணிக்கட்டுக்கும் இல்லை. ஒரு படத்தில் பெரியவர் ஒருவர் தலையைப் பிடித்திருப்பார், இன்னொன்றில் மணிக்கட்டைப் பிடித்திருப்பார். இரண்டையும் ஃபோட்டோஷாப்பில் ஒட்டி விரல்களை அழிப்பார்கள். இது தெரியாமல் கையை விட்டுவிட்டு கிளிக் செய்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். பெற்றோர் கேட்டால் ஒட்டுவதற்கு முந்தைய இரண்டு படங்களையும் காட்டுங்கள், புரிந்துகொள்வார்கள். கூடைக்குள் வைப்பதாக இருந்தால் அது கவிழாதபடி அடியில் கனம் வைத்து, கைக்கெட்டும் தூரத்தில் ஒருவரை உட்காரவையுங்கள்.

தாடை நெஞ்சில் அழுந்துவது

மூச்சுப்பாதை அடைபடும். இரண்டு விரல் நுழையும் இடைவெளி எப்போதும் இருக்க வேண்டும்.

மூக்குத் துவாரம் தெரியும் கோணம்

உச்சந்தலைப் பக்கம் போய் நில்லுங்கள், வெளிச்சமும் அங்கிருந்தே வரட்டும்.

14 நாள் கணக்கைக் காட்டிப் பயமுறுத்துவது

5 முதல் 14 நாளுக்குள் எடுத்தால் குழந்தை நன்றாகத் தூங்கும், உடம்பைச் சுருட்டிக்கொள்ளும். அது உண்மைதான். ஆனால் குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் இருந்துவிட்டு வரும் குழந்தை இருக்கிறது, அறுவைச் சிகிச்சைக்குப் பின் எழுந்து நடக்கவே சிரமப்படும் அம்மா இருக்கிறார். "நாள் தாண்டிவிட்டது" என்று அவர்களிடம் சொல்ல எப்படி மனம் வருகிறதோ! 40 நாள் குழந்தையை, விழித்த கண்களோடு, ராப் சுற்றி அம்மாவின் தோளில் சாய்த்து எடுத்திருக்கிறேன். அந்தக் கண்களுக்காகவே பெற்றோர் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு மாட்டினார்கள்.

மூத்த பிள்ளையைக் கடைசியில் கூப்பிடுவது

2 மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்த மூன்று வயதுப் பிள்ளை உங்கள் பேச்சைக் கேட்காது. முதல் 20 நிமிடம் அதற்குத்தான். மடியில் கொடுக்க வேண்டாம், தரையில் மெத்தை விரித்து இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவையுங்கள், அப்பா கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். "முத்தம் கொடு" என்றால் முகத்தை அழுத்திவிடும். "பாப்பா தலையில என்ன வாசனை வருது, மோந்து பாரு" என்று சொல்லுங்கள். மெதுவாகக் குனியும், தானாகவே கண்ணை மூடும். அப்போது எடுங்கள்.